கடுகுத் தண்ணீரும் சினை மாடும்

அந்த ஐப்பசியில் நான் மண்புழு எண்ணிக்கொண்டிருந்தேன். சம்பளம் இல்லாத வேலை. கொல்லிமலையில் எடப்புளி நாட்டுப் பக்கம், எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலுமாக ஏழு பேர் தன்னார்வலர்களாகப் பேர் கொடுத்திருந்தோம். மலைக்குக் கீழேயிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் அம்மா வந்து பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம் போட்டுப் பேசினார். மண் எப்படி இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் மட்டும் பார்த்தால் போதாது, அதில் பயிர் வைக்கிறவர்களும் பார்த்து எழுத வேண்டும் என்றார். அவரை நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம்.

நான் ஏன் கையைத் தூக்கினேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் பத்தடி போவேன், திரும்பி வந்து ஒருமுறை திருகிப் பார்ப்பேன். வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறேன். துணியை வெட்டுவதற்கு முன் மூன்று தரம் அளப்பேன். அந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டுதானோ என்னவோ, என் கணவர், "உனக்கேத்த வேலைதான் போ" என்று சிரித்தார்.

வேலை கஷ்டமானது இல்லை. ஓரடிக்கு ஓரடி சதுரமாக ஒரு மூங்கில் சட்டம். அதை நிலத்தில் வைத்து, சருகை விலக்கி, கடுகுப் பொடி கரைத்த தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். கடுகின் காரம் தோலில் பட்டதும் புழுக்கள் மேலே ஏறி வரும். கால் மணி நேரம் காத்திருந்து, வந்தவற்றை நல்ல தண்ணீரில் அலசி எண்ண வேண்டும். கழுத்தில் பட்டை போட்டது வளர்ந்த புழு, பட்டை இல்லாதது குட்டி. இரண்டையும் தனித்தனியாக எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, புழுக்களைத் திரும்ப மண்ணில் விட்டுவிட வேண்டும். பேளுக்குறிச்சி சந்தையில் கடுகு வாங்கி வந்து நானே மிக்சியில் அரைத்தேன். சட்டத்தைத் தையல் டேப்பால் அளந்து கட்டினேன்.

எங்கள் நிலத்தில் ஒன்பது இடங்களில் பார்த்தேன். மூன்று, இரண்டு, ஒன்று. இரண்டு இடங்களில் ஒன்றுமே வரவில்லை. மற்றவர்கள் எட்டு, பன்னிரண்டு என்று குழுவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் படங்களைப் போடவே எனக்குக் கூசியது. அதைவிட இன்னொன்று உறுத்தியது. அலசுவதற்காகக் கிண்ணத்தில் விட்ட புழுக்கள் சுருண்டு நெளியாமல், நனைந்த நூல் மாதிரி தொய்ந்து கிடந்தன. மேடத்துக்குப் போன் செய்து கேட்டேன்.

"கடுகு கொஞ்சம் கூடிப்போயிருக்கும்மா. பாதியாக் குறைச்சுப் பாருங்க" என்றார்.

குறைத்துப் பார்த்தேன். அப்படியும் தொய்ந்துதான் கிடந்தன.

எங்கள் நிலத்தில் என் கணவர் இரண்டு வருடமாகக் களைக்கொல்லி அடிக்கிறார். மிளகுக் கொடிக்கு அடியில் கொத்துவதற்கு ஆள் கிடைப்பதில்லை, அவருக்கும் இடுப்பு வலி. அதனால் புழு குறைந்திருக்குமோ என்று மேடம் சந்தேகப்பட்டார். "களைக்கொல்லியே படாத நிலம் பக்கத்துல இருந்தா அதுலயும் எண்ணிப் பாருங்க. ரெண்டையும் வெச்சுப் பார்க்கலாம்" என்றார். பக்கத்திலேயே இருந்தது. ஒரு வரப்புத் தாண்டினால் என் கணவரின் பெரியப்பா மகன் நிலம். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அக்கா என்று. மாமா அந்த மருந்தைத் தன் நிலத்துக்குள் விட்டதே இல்லை. சாமையும் மரவள்ளியும் போட்டு, கையால் கொத்திக் களையெடுக்கிற மனிதர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான் போன காலையில் மாமா வாசலூர்பட்டிக்குப் போயிருந்தார். அக்காதான் இருந்தார்.

"புழுத்தானே, எண்ணிக்கோ சாமி. அதுக்கென்ன கேக்கற?" என்றார்.

நான் சட்டம் வைக்க நினைத்த இடத்தின் பக்கத்தில் அவர்களுடைய மாடு கட்டியிருந்தது. ஐந்து மாதச் சினை. மிதித்துவிடும் என்று பயந்து, "அக்கா, மாட்டைக் கொஞ்சம் நகத்திக் கட்டறீங்களா?" என்று கேட்டேன். அவர் அவிழ்த்துக்கொண்டு போய்ச் சரிவில் இருந்த பலா மரத்தில் கட்டினார். நான் வீட்டிலிருந்து தூக்கி வந்த கேனிலிருந்து தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றிக் கடுகைக் கரைத்தேன். ஊற்றி ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை, மண் அங்கங்கே அசைந்தது. பிறகு ஒன்று, இரண்டு, நான்கு. மொத்தம் பதினொன்று வந்தன. என் கணக்குப் புத்தகத்தில் அதுவரை அப்படி ஓர் எண்ணை எழுதியதில்லை. படம் எடுத்ததும், அலசினதுபோல் பேர் பண்ணி அவசரமாக மண்ணில் விட்டுவிட்டு, மிச்சத் தண்ணீர் இருந்த பக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு மேட்டுப் பாறைக்கு ஓடினேன். எங்கள் பக்கம் அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அந்தப் பதினொன்றை உடனே குழுவில் போட வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

படம் போய்க்கொண்டிருக்கும்போதே கீழே அக்கா கத்தினார்.

நான் இறங்கி வந்தபோது மாடு முன்னங்கால் மடங்கிக் கிடந்தது. வாயில் நுரை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது, ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்பு மேலே தெரிந்தது. மரத்தில் கட்டியிருந்த கயிறு பக்கெட் வைத்த இடம் வரை நெடுகக் கிடந்தது. என் பக்கெட் கவிழ்ந்து உருண்டு கிடந்தது. அக்கா மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கவிழ்ந்த பக்கெட்டைப் பார்த்தார்.

திரும்பப் பாறைக்கு ஓடி, கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன்.

"என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார்.

"தெரியலீங்க சார்" என்றேன்.

பக்கெட் கவிழ்ந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வாயில எதையும் ஊத்தாதீங்க. பக்கத்து ஊர்லதான் இருக்கேன், வாரேன்" என்று வைத்துவிட்டார்.

கீழே வந்தால் மாமா வந்திருந்தார். பைக்கைக் கூட நிறுத்தவில்லை, வரப்போரமாகச் சாய்த்துப் போட்டிருந்தார். என் கணவரும் சத்தம் கேட்டு மிளகுத் தோட்டத்திலிருந்து வந்து நின்றார்.

"என்ன ஊத்துன?" என்றார் மாமா.

"கடுகுத் தண்ணிங்க மாமா. தாளிக்கற கடுகுதான். அரைச்சுக் கரைச்சது."

"கடுகுத் தண்ணிக்கு மாடு விழுந்துருமா?"

"எனக்குத் தெரியலீங்க மாமா. புழுவுக்கே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க."

அவர் பக்கெட்டை நிமிர்த்தினார். அடியில் ஒரு டம்ளர் அளவு மஞ்சள் தண்ணீர் தேங்கியிருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

"கடுகுதானே? அப்ப குடி பாக்கலாம்."

நான் வாங்கினேன். குடித்துவிடலாம் என்றுதான் வாங்கினேன். கடுகுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் வரப்பின்மேல் இருந்த கேன் கண்ணில் பட்டது. ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன். மேலே ஒட்டியிருந்த காகிதம் உரிந்துபோய் வெறும் பசைத் தடம்தான் இருந்தது. வீட்டுப் பின்பக்கம் அதே மாதிரி இரண்டு கேன் உண்டு. ஒன்று கடலை எண்ணெய் வாங்கி வந்தது. மற்றது என் கணவர் களைக்கொல்லி வாங்கி வந்தது. எண்ணெய்க் கேன் என்று நினைத்து ஒன்றை எடுத்துச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். கழுவும்போது எண்ணெய் பிசுபிசுத்ததா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஒன்பது இடத்திலும் அதே கேன்தான். அந்தத் தொய்ந்த புழுக்கள் வரிசையாக மனதில் வந்தன.

பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டேன். நான் குடிக்கவில்லை.

மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பாத்தியா?" என்று என் கணவரிடம் சொன்னார். போய் மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. எனக்கு அது முடியவே முடியாது போல இருந்தது. மாடு ஒரு பக்கமாகச் சாய்ந்து காலை உதைத்தது. ஒவ்வொரு உதைக்கும் அதன் வயிற்றைப் பார்த்தேன், உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று. என் கணவரிடம் மெதுவாக, "ஏனுங்க, அந்த ரெண்டு கேன்ல எது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "இப்பப் பேசாத" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. பங்காளிகளுக்குள் ஒரு சினை மாடு செத்துப்போனால், அது மாட்டோடு போகிற விஷயமில்லை. ஆனால் டாக்டர் எந்த ஊசி போடுவார்? என்ன விஷம் என்று தெரியாமல் போட்டுவிட்டால்? நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் மாடு போய்விட்டது என்று ஆகிவிட்டால்? சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். என் கணவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

பைக் சத்தம் கேட்டதும் நான் கையை உருவிக்கொண்டு எதிரே போனேன். டாக்டர் பையை இறக்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"சார், போன்ல தெரியாதுன்னு சொன்னேன். என் பக்கெட்டுத் தண்ணியக் குடிச்சிருக்கும்னு நெனைக்கறோம். கடுகு கரைச்ச தண்ணி. ஆனா தண்ணி கொண்டுவந்த கேன் களைக்கொல்லிக் கேனா இருக்கலாம். கழுவினதுதான். எதுன்னு நெசமாத் தெரியலீங்க."



டாக்டர் பக்கெட்டை மோந்து பார்த்தார். கேனையும் மூடி திறந்து மோந்தார். பிறகு மாட்டின் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வாயைத் திறந்து கையை விட்டார். பச்சையாக ஒரு கொத்தை வெளியே எடுத்தார். சிவந்த காம்பு, விரல் மாதிரி பிரிந்த இலை.

"இது குச்சிக்கெழங்கு, மரவள்ளித் தழை. வாடின தழை. எங்க கெடந்துச்சு?"

அக்கா அப்போதுதான் அழ ஆரம்பித்தார். முந்தின நாள் வீட்டுத் தேவைக்கு நாலைந்து மரவள்ளிச் செடியைப் பிடுங்கி, தழையைப் பலா மரத்துக்குப் பின்னால் குவித்துப் போட்டிருந்தாராம். மாட்டை அங்கே கட்டும்போது கயிறு எட்டாது என்று நினைத்திருந்தாராம். டாக்டர் அதற்குள் நரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். மரவள்ளித் தழையின் நஞ்சு என்றால் நேரம் கொடுக்காது, கொஞ்சமாகத் தின்றதால்தான் தாக்குப்பிடித்தது என்றார்.

"களைக்கொல்லி ஒட்டின தண்ணியில இந்த மாதிரி ஆகாதும்மா" என்று என்னிடம் சொன்னார். "ஆனா அந்தக் கேன்ல தண்ணி கொண்டாந்தது தப்பு. பெரிய தப்பு."

நான் தலையாட்டினேன். அழுகை வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாடு மத்தியானத்துக்குள் எழுந்து நின்றது. அக்கா என் பக்கம் வந்து, "கயித்த நீளமா உட்டுட்டேன் கண்ணு, நாந்தான்" என்று முணுமுணுத்தார். "நகத்தச் சொன்னது நாந்தானுங்க அக்கா" என்றேன். மாமா எங்கள் இருவரையும் பார்க்காமல் தழையை வாரி எடுத்துக் குழியில் போட்டுக்கொண்டிருந்தார்.

என்மேல் பழியில்லை என்று ஆகிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம் என்று என் கணவர் நினைத்தார். ஆனால் சாயங்காலம் வீட்டுப் பின்பக்கம் போய் இரண்டு கேனையும் கவிழ்த்துப் பார்த்தபோது, நான் எடுத்துப்போனதன் அடியில் ஆணியால் கீறின ஒரு பெருக்கல் குறி இருந்தது. "மருந்துக் கேனுக்கு நாந்தான் கீறி வெச்சேன்" என்றார் அவர், மிக மெதுவாக. "உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

ஒன்பது இடமும் வீண். என் நிலத்தில் புழு இல்லாதது மருந்து அடித்ததாலா, நான் ஊற்றிய தண்ணீராலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் காலையில் பாறைக்குப் போய்க் குழுவில் எழுதினேன். நடந்ததைச் சொல்லி, நான் அனுப்பிய எல்லாக் கணக்கையும் நீக்கிவிடுங்கள் என்று. அனுப்பும் பொத்தானை அழுத்த எவ்வளவோ நேரம் ஆனது. யாரோ ஒருவர் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். யாரும் செய்யவில்லை. ஒருவர் மட்டும், "என் கேனும் பழசுதான். நானும் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போட்டார். மேடம் போன் செய்தார். சொன்னது நல்லது என்றார், ஆனால் குரலில் சோர்வு தெரிந்தது. என் கணக்கை வைத்து ஏற்கெனவே ஒரு கூட்டத்தில் பேசிவிட்டாராம். இனி தண்ணீரே வேண்டாம், மண்ணைத் தோண்டிச் சாக்கில் கொட்டிக் கையால் பொறுக்கி எண்ணுவோம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

மாமாவிடம் சொல்வதுதான் மிச்சம். மாடு பிழைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்தத் தண்ணீர் அவர் மண்ணில் இறங்கியிருக்கிறது. இரண்டு நாள் தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு தையலும் ஓடவில்லை. மூன்றாம் நாள் போனேன். சாமைக் காட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, அது மருந்துக் கேன்தானுங்க. பாத்துட்டேன்."



"எங்கப்பன் காலத்துலருந்து இந்த மண்ணுல அது பட்டதில்ல" என்றார். "ஆரு கொண்டாந்து ஊத்துனது? புழுவு நல்லாருக்குதான்னு பாக்க வந்தவ."

மன்னிச்சிருங்க மாமா என்றேன். "இனிமே வரப்புத் தாண்டாத" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் அந்த மாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வாசலில் நின்றால் அது மேய்வது தெரியும். ஒரு நாள் படுத்தே கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. கன்று செத்துப் பிறந்தால் தழையால் என்று டாக்டர் சொல்லலாம். ஆனால் ஊர் என்ன சொல்லும், மாமா மனசுக்குள் என்ன சொல்லிக்கொள்வார் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். அக்காதான் தண்ணீருக்குப் போகும் வழியில் வரப்போரமாக நின்று, "நல்லாத் திங்குது கண்ணு, பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போவார். மாசியில் மாடு கிடாரிக் கன்று போட்டது. அக்கா ஒரு சொம்பில் சீம்பால் கொண்டுவந்து கொடுத்தார். மாமாவுக்குத் தெரிந்து கொடுத்தாரா தெரியாமல் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள், மாமா வரப்பில் வந்து நின்று கூப்பிட்டார்.

"ஏம்மா, உன்ற சட்டத்தை எடுத்துட்டு வா. தண்ணி கிண்ணி வேண்டாம்."

அவரே கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்திருந்தார். நான் போன வருடம் ஊற்றிய இடத்தை அவர் மறக்கவில்லை, அங்கேயே முதலில் தோண்டினார். சாக்கில் மண்ணைக் கொட்டி இருவரும் கையால் உதிர்த்தோம். இரண்டு புழு. அப்புறம் மேட்டுப் பக்கம் ஓரிடம், ஒன்பது. மரத்தடிக்குப் பக்கத்தில் ஓரிடம், ஐந்து. மூன்றையும் எழுதிக்கொண்டேன். அவர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"அந்த ரெண்டு, உன்ற தண்ணியாலதானா?"

"தெரியலீங்க மாமா. அங்க மண்ணும் கொஞ்சம் இறுகித்தான் இருக்குது. ஒரு தடவ பாத்துச் சொல்ல முடியாதுன்னு மேடம் சொல்றாங்க."

"எத்தன தடவ பாத்தாச் சொல்லுவாங்க?"

"நாலஞ்சு வருசமாவது பாக்கோணுமாம்."

அவர் மண்ணைத் திரும்பக் குழியில் தள்ளி, புழுக்களை மேலே விட்டு, சருகைப் பரப்பினார். அடையாளத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை நட்டார். எங்கள் பக்கத்திலும் தோண்டச் சொன்னார். அங்கே மூன்று வந்தது. என் கணவர் தூரத்தில் நின்று பார்த்தார். அந்த வருடம் மிளகுக்கு அடியில் அவர் பாதி இடத்துக்குத்தான் மருந்து அடித்தார். மீதிப் பாதியை நாங்கள் இருவரும் கொத்தினோம். அதற்குப் பிறகு அவர் இடுப்பு வலியால் பத்து நாள் படுத்துக்கிடந்ததையும் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. காய்ந்த மண்ணில் தோண்டினால் புழு ஆழத்துக்குப் போயிருக்கும், எண் குறைவாக வரும். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து மாமா என்ன நினைப்பார் என்று நான் தினமும் வானத்தைப் பார்க்கிறேன். நேற்று அவர் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"எப்பத் தோண்டலாம்?"

"மண்ணு நனையட்டுங்க மாமா" என்றேன்.

"செரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.